வெளிவராத அனிமேஷன் படங்களின் ஓவியங்கள்: வரைந்தவர் பெயரோடு பகிர்வோம்

கரித்துண்டு எழுதியது:

எடுக்காமலே விட்ட அனிமேஷன் படங்களுக்காக, காட்சிகளின் தோற்றத்தை யோசித்து முன்கூட்டியே வரைந்த கான்செப்ட் ஓவியங்கள் இப்போது இணையத்தில் ஏராளமாகச் சுற்றுகின்றன. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் "டிஸ்னி கைவிட்ட படம்" என்று ஒரு வரி, அதோடு சரி. எந்த ஆண்டு, எந்தக் காட்சிக்கு, யார் வரைந்தது என்று ஒன்றும் இருக்காது. படம்தான் வெளியே வரவில்லை, வரைந்தவர் பெயராவது வர வேண்டாமா? அதற்காகத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

கே நீல்சனிலிருந்து ஆரம்பிக்கலாம். டென்மார்க்காரர், 1886இல் கோபன்ஹேகனில் பிறந்தவர். 1910களில் தேவதைக் கதைப் புத்தகங்களுக்கு வரைந்தே பெரிய பெயர் வாங்கியவர். பின்னாளில் அமெரிக்கா போய், 1930களின் கடைசியில் டிஸ்னி ஸ்டுடியோவில் சேர்ந்தார். செவ்வியல் இசைத் துண்டுகளுக்கு அனிமேஷன் செய்து தொகுத்த "ஃபேன்டேசியா" (1940) படத்தின் கடைசியில் மலையுச்சியில் பூதம் சிறகை விரிக்கும் பகுதியும், அதைத் தொடர்ந்து விளக்கேந்திப் போகும் ஊர்வலமும் ஞாபகம் இருக்கும். அந்த இரண்டின் தோற்றத்திலும் இவர் பங்கு பெரியது. அதே காலத்தில் டேனிஷ் எழுத்தாளர் ஆன்டர்சனின் கடற்கன்னிக் கதையைப் படமாக்கும் யோசனையும் ஸ்டுடியோவில் இருந்தது. அதற்கும் நீல்சன் வரைந்து கொடுத்தார். புயல் காட்சி ஓவியங்களைப் பாருங்கள். கடல் ஒரு முழு ஆளாகவே நடிக்கிறது. அலையின் விளிம்பு அவருடைய பழைய புத்தக ஓவியங்களில் வரும் அதே நீண்ட வளைகோடு. கப்பல் அதன் பிடியில் கிடக்கிறது.

அந்தப் படம் எடுக்கப்படவில்லை. 1941இல் நீல்சனுக்கு ஸ்டுடியோ வேலையும் போனது. 1957இல் வறுமையில் இறந்தார். ஐம்பது வருஷத்துக்குக் கிட்டே கழித்து "தி லிட்டில் மெர்மெய்ட்" (1989) எடுத்த குழு, சேமிப்பிலிருந்த இந்த ஓவியங்களை எடுத்துப் பார்த்து, புயல் காட்சிக்கு அவற்றிலிருந்தே உந்துதல் பெற்றது. படத்தின் பெயர்ப் பட்டியலில் நீல்சனையும் சேர்த்தார்கள், அவர் இறந்து 32 ஆண்டுகளுக்குப் பிறகு. பாராட்ட வேண்டிய விஷயம்தான். ஆனால் இப்படி நடப்பது அபூர்வம். மற்றவர்களுக்கு என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள்.

பழையரீல் எழுதியது:

அருமையான தொடக்கம். 1940களின் தொடக்கத்தில் டிஸ்னியில் ஏன் இத்தனை படங்கள் ஒரே நேரத்தில் கிடப்பில் விழுந்தன என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும். "பினோக்கியோ", "ஃபேன்டேசியா" இரண்டும் 1940இல் வந்தன. போரால் ஐரோப்பியச் சந்தை அடைபட்டுப் போக, இரண்டுமே போட்ட காசை எடுக்கவில்லை. 1941இல் ஊழியர்கள் வேலைநிறுத்தம். அடுத்து அமெரிக்காவும் போரில் இறங்க, ஸ்டுடியோ ராணுவத்துக்கான படங்களுக்கு மாறியது. "ஃபேன்டேசியா"வோடு நிறுத்தாமல் புதுப்புதுப் பகுதிகளாகச் சேர்த்துக்கொண்டே போவதுதான் வால்ட் டிஸ்னியின் எண்ணம். அதற்காக வரைந்தவை அத்தனையும் அப்படியே நின்றன. இசையமைப்பாளர் டெபுஸியின் "கிளேர் டி லூன்" இசைக்கு அனிமேஷனே முடிந்திருந்தது. அதை வேறு பாட்டோடு ஒட்டி "மேக் மைன் மியூசிக்" (1946) படத்தில் செருகிவிட்டார்கள்.

"தி கிரெம்லின்ஸ்" விவகாரம் இன்னும் சிக்கலானது. ரோல்ட் டால் எழுத்தாளராகப் பெயர் வாங்குவதற்கு முன் பிரிட்டிஷ் விமானப்படை விமானி. விமானங்களைப் பழுதாக்கும் குட்டிப் பூதங்கள் பற்றிப் படைவீரர்களிடையே புழங்கிய பேச்சை வைத்து ஒரு கதை எழுதினார். டிஸ்னி அதை வாங்கியது. ஆனால் அந்தப் பூதங்கள் படைவீரர்களின் பொதுச்சொத்து, யாரும் தனியுரிமை கொண்டாட முடியாது. போதாக்குறைக்கு, ஒவ்வொன்றுக்கும் விமானப்படையின் ஒப்புதல் வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் இருந்தது. போகப்போக, போர்ப் படங்கள் மேல் மக்களுக்கு இருந்த ஆர்வமும் குறையும் என்று கணக்குப் போட்டார்கள். படம் நின்றது. 1943இல் புத்தகம் மட்டும் வந்தது. அதன் ஓவியங்களை ஸ்டுடியோவின் பில் ஜஸ்டிஸும் அல் டெம்ப்ஸ்டரும் வரைந்தார்கள். அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசுபவர்கள் டாலையும் டிஸ்னியையும் சொல்வார்கள். இந்த இருவரையும் யார் சொல்கிறார்கள்?

தேன்சிட்டு எழுதியது:

ஜப்பான் பக்கம் வருவோம். எனக்கு மிகவும் பிடித்த "எடுக்கப்படாத படம்" 1971இல் தக்காஹாட்டா, மியாசாகி, கோட்டாபே என்ற அனிமேஷன் கலைஞர்கள் மூவரும் சேர்ந்து திட்டமிட்ட "பிப்பி லாங்ஸ்டாக்கிங்". பிப்பி, ஸ்வீடன் நாட்டுக் குழந்தைக் கதை ஒன்றின் நாயகி.

இந்தப் படத்துக்காகவே மூவரும் தோயே ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்தார்கள். மியாசாகி ஸ்வீடனுக்கே போய், கோட்லாண்ட் தீவிலுள்ள விஸ்பி நகரத்தைச் சுற்றிப் பார்த்துக் குறிப்பெடுத்தார். அதுதான் அவருடைய முதல் வெளிநாட்டுப் பயணம். ஆனால் கதையாசிரியர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரனின் அனுமதி கிடைக்கவில்லை. திட்டம் அங்கேயே முடிந்தது.

வரைந்ததெல்லாம் வீணாயிற்றா என்றால், இல்லவே இல்லை. அடுத்த ஆண்டே மூவரும் "பாண்டா கோபாண்டா" செய்தார்கள். பெரியவர்கள் இல்லாத வீட்டில் தனியாக இருக்கும், இரட்டைச் சடை விறைத்து நிற்கும் அந்தப் பெண்ணைப் பாருங்கள், பிப்பியேதான். 1989இல் வந்த "கிகி'ஸ் டெலிவரி சர்வீஸ்" படத்தின் ஓட்டுக்கூரை நகரத்தில் விஸ்பியும் ஸ்டாக்ஹோமும் இருக்கின்றன. பிப்பிக்காக வரைந்த ஓவியங்களைத் தொகுத்து 2014இல் ஜப்பானில் புத்தகமாகவே போட்டார்கள், மூவர் பெயரும் அட்டையிலேயே இருக்கிறது. கரித்துண்டு கேட்பது இதைத்தானே?

"பிரின்சஸ் மோனோனோகே"வும் இப்படித்தான். 1997இல் வந்த படம் நமக்குத் தெரியும். அதே தலைப்பில் மியாசாகி 1980 வாக்கில் வரைந்த ஓவியங்கள் வேறு ஒரு கதை. ஒரு பெரிய காட்டுப் பூனை போன்ற பூதம், அதற்கு மனைவியாகப் போக வேண்டிய இளவரசி. யாரும் தயாரிக்க முன்வரவில்லை. 1993இல் படக்கதைப் புத்தகமாக வந்தது. அந்தப் பூதத்தின் முகத்தை உற்றுப் பாருங்கள், அகன்ற வாய், உருண்ட உடம்பு, மியாசாகியின் இன்னொரு படத்தில் வரும் காட்டுப் பூதம் டோட்டோரோவின் உறவுக்காரன் மாதிரி இருக்கும்.

அலைவரிசை எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் மாற்றுக் கருத்து ஒன்றை வைக்கிறேன். கான்செப்ட் ஓவியத்தைப் பார்த்து "ஐயோ, இந்தப் படம் வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்" என்று ஏங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஓர் ஓவியம் ஒரு நிமிஷம் நம்மைக் கட்டிப்போட்டால் போதும். படம் எண்பது நிமிஷம் நிற்க வேண்டும்.

"சான்டக்ளீர்" நல்ல உதாரணம். தான் கூவுவதால்தான் சூரியன் உதிக்கிறது என்று நம்பும் சேவலின் கதை. பிரெஞ்சு நாடக ஆசிரியர் ரோஸ்டாண்டின் நாடகத்திலிருந்து எடுத்தது. டிஸ்னியில் இதைப் பல தடவை தொட்டுப் பார்த்துக் கைவிட்டிருக்கிறார்கள். 1960களின் தொடக்கத்தில் ஸ்டுடியோ ஓவியர்கள் மார்க் டேவிஸும் கென் ஆண்டர்சனும் மறுபடி எடுத்து வரைந்தார்கள். மார்க் டேவிஸ் வரைந்த கோழிகளும் சேவல்களும் உடையணிந்த மனிதர்களாகவே நடக்கின்றன. ஒவ்வொன்றின் இடுப்பிலும் கழுத்திலும் ஒரு குணம் தெரியும். அவ்வளவு அழகு. ஆனால் தற்பெருமை பிடித்த சேவலை ஜனங்களுக்கு எப்படிப் பிடிக்க வைப்பது என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. "தி ஸ்வோர்ட் இன் தி ஸ்டோன்" (1963) முந்திக்கொண்டது. நிறுத்தியது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. கதை நிற்காத இடத்தில் ஓவியம் மட்டும் தாங்கிப் பிடிக்காது.

கரித்துண்டு எழுதியது:

அலைவரிசை, நீங்கள் சொல்வதை முழுசாக ஒப்புக்கொள்கிறேன். படம் நல்லபடியாக வந்திருக்குமா என்பது என் கேள்வியே இல்லை. மார்க் டேவிஸின் அந்தச் சேவல்களைப் பார்த்தவுடன் "மார்க் டேவிஸ்" என்று உங்களால் சொல்ல முடிகிறது. அது ஏன்? அவர் பெயர் பெற்றவர், ஓவியங்கள் பெயரோடு அச்சானவை. அதே ஸ்டுடியோவில் அடுத்த மேசையில் உட்கார்ந்து வரைந்த ஒருவரின் ஓவியம் வந்தால் சொல்ல முடியுமா? படம் நின்றுபோனால் பெயர்ப் பட்டியலே கிடையாது. ஒரு படத்தில் வேலை செய்ததற்கு ஓவியருக்கு இருக்கும் ஒரே பொதுச் சாட்சி அந்தப் பட்டியல். அதுவும் இல்லையென்றால் அந்த ஒன்றிரண்டு வருஷ உழைப்பு நடந்ததற்கே தடயம் இல்லை.

ஸ்டோரிபோர்டுக்காரன் எழுதியது:

இந்தத் துறையிலேயே இருப்பவன் என்பதால் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். ஸ்டுடியோக்களின் பெயர் வேண்டாம்.

வேலையில் சேரும்போதே ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். வரைவது எல்லாம் ஸ்டுடியோவுக்குச் சொந்தம். படம் வெளியாகும் வரை எதையும் வெளியே காட்டக் கூடாது. படம் வெளியானால் ஒரு தேதி சொல்வார்கள், அதற்குப் பிறகு நம் தளத்தில் போட்டுக்கொள்ளலாம். படம் நின்றுவிட்டால்? அந்தத் தேதி வரவே வராது. நான் வரைந்த ஒரு திட்டம் இப்படி நின்றது. இன்றும் அதிலிருந்து ஒரு கோட்டைக்கூட நான் வெளியில் காட்ட முடியாது. அடுத்த வேலைக்கு நேர்முகம் போனால், அந்தக் காலத்தில் என்ன செய்தாய் என்று கேட்டால் சொல்ல வாய் இருக்கிறது, காட்டப் படம் இல்லை.

அப்புறம் கோப்புப் பெயர் விஷயம். யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. ஸ்டுடியோவில் கோப்புக்குப் பெயர் வைப்பதற்கு ஒரு முறை உண்டு. படத்தின் சுருக்கெழுத்து, காட்சித்தொடர் எண், எத்தனையாவது திருத்தம், அவ்வளவுதான். வரைந்தவர் பெயர் அதில் வராது. யார் வரைந்தது என்ற தகவல் தனியாக ஒரு நிர்வாக மென்பொருளில் இருக்கும். திட்டம் மூடியதும் அந்த மென்பொருள் கணக்கையும் மூடுவார்கள். படங்கள் சர்வரில் எங்கோ கிடக்கும், எண்ணோடு மட்டும். காகிதத்தில் வரைந்தவர்களாவது ஓரத்தில் ஒரு கையெழுத்து போட்டுவைக்க முடிந்தது. எங்கள் வேலை எண்ணாகத்தான் மிஞ்சுகிறது.

இப்போது நான் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்வது ஒன்றுதான். கணினி ஓவியத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் லேயர்களில் ஒன்றில் பெயரை எழுதி வையுங்கள். மறைத்து வைத்தாலும் பரவாயில்லை. கோப்பு இருக்கும்வரை அதுவும் இருக்கும்.

மீனலை எழுதியது:

ஸ்டோரிபோர்டுக்காரன் சொன்னது மனதை என்னவோ செய்கிறது. அந்த லேயர் யோசனையைத் தனியாகவே எடுத்துப் பரப்ப வேண்டும்.

பெயர் தெரிந்த பெரிய இயக்குநர்களின் முடியாத படங்களிலும் இதே பிரச்சினைதான். "தி தீஃப் அண்ட் தி காப்ளர்" என்றால் ரிச்சர்ட் வில்லியம்ஸ் என்பார்கள். நியாயம்தான், 1964இல் தொடங்கி விளம்பரப் படங்கள் செய்து சம்பாதித்ததை அதில் கொட்டியவர். 1992இல், முடியும் தறுவாயில், படம் அவர் கையை விட்டுப் போனது. படம் முடியும் என்று உத்தரவாதம் கொடுத்திருந்த நிறுவனம் எடுத்துக்கொண்டு, வேறு ஆட்களை வைத்து, பாட்டெல்லாம் சேர்த்து முடித்தது. இவ்வளவும் பலருக்குத் தெரியும். ஆனால் அந்தப் பாரசீக நுண்ணோவிய அழகு யாருடையது? தூரம், ஆழம் என்று எதுவும் இல்லாமல், தரைவிரிப்பும் சுவரும் கோபுரமும் ஒரே தளத்தில் விரிந்து கிடக்குமே, அதற்கு வழிபோட்டவர்களில் முக்கியமானவர் எரல் லெ கெய்ன். 1941இல் சிங்கப்பூரில் பிறந்தார். போர் வந்ததும் குடும்பத்தோடு ஆக்ராவுக்கு வந்து, சின்ன வயதில் சில வருஷங்கள் அங்கே இருந்தவர். அங்கே பார்த்ததெல்லாம் அந்தக் கை வழியாக வந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1989இல் இறந்துவிட்டார். படம் பறிபோனதைக்கூட அவர் பார்க்கவில்லை.

ரஷ்ய இயக்குநர் யூரி நோர்ஸ்டைனின் "மேலங்கி"யும் அப்படித்தான். கோகோலின் கதை, 1981இல் தொடங்கியது. உலகின் மிக நீண்ட காலமாக முடியாத அனிமேஷன் படம் என்று எல்லோரும் அவரைப் பற்றியே எழுதுகிறார்கள். கத்தரித்த துண்டுகளைக் கண்ணாடித் தட்டுகளில் அடுக்கி நகர்த்துவது அவர் என்றால், அந்த உருவங்களை வரைபவர் அவர் மனைவி ஃபிரான்செஸ்கா யார்புசோவா. கதையின் நாயகன் அகாகி எழுதிக்கொண்டே உதட்டை அசைக்கும் அந்தத் துண்டுக் காட்சியைத் தேடிப் பாருங்கள். அந்தச் சுருக்கம் விழுந்த முகம் யார்புசோவா தந்தது.

பழையரீல் எழுதியது:

பாதியில் நின்றதை வேறொருவர் முடிக்கலாமா என்ற கேள்வியும் இதில் ஒட்டிக்கொண்டே வருகிறது. எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. வரைந்தவர் அருகில் இருந்தால் முடிக்கலாம்.

"டெஸ்டினோ"வை எடுத்துக்கொள்ளுங்கள். 1945–46இல் ஸ்பானிய ஓவியர் சல்வடோர் டாலி டிஸ்னி ஸ்டுடியோவுக்கு வந்து, அங்கிருந்த ஓவியர் ஜான் ஹென்ச்சோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து, காட்சிகளை வரிசையாக வரைந்து காட்டும் ஸ்டோரிபோர்டு போட்டார். பணமுடை, திட்டம் நின்றது. ஹென்ச் மட்டும் இருபது நொடிகூட வராத ஒரு சோதனைத் துண்டைச் செய்து வைத்தார். இரண்டு ஆமைகளின் முதுகில் சிதைந்த இரண்டு முகங்கள். அவை நெருங்க நெருங்க, நடுவில் விழும் வெற்றிடமே ஒரு நாட்டியப் பெண்ணின் உருவமாகிவிடும். 1999இல் "ஃபேன்டேசியா 2000" வேலையின்போது வால்ட் டிஸ்னியின் அண்ணன் மகன் ராய் டிஸ்னி இதைத் தூசி தட்டினார். பாரிஸ் பிரிவில் டொமினிக் மோன்ஃபெரி இயக்கி 2003இல் முடித்தார்கள். ஹென்ச் அப்போதும் உயிரோடு இருந்தார், இந்தப் படம் என்ன சொல்ல வருகிறது என்று அவரையே கேட்க முடிந்தது. அந்த ஆமைத் துண்டும் அப்படியே படத்தில் இருக்கிறது. ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. இப்படி முடிப்பது மரியாதை.

தேன்சிட்டு எழுதியது:

அந்த அளவுகோலை வைத்தால் ஜப்பானிய இயக்குநர் சத்தோஷி கோனின் "ட்ரீமிங் மெஷின்" முடியாமலே இருப்பதுதான் சரி. 2010 ஆகஸ்டில் 46 வயதில் இறந்தார். சுமார் 1,500 ஷாட்களில் 600 வரை அனிமேஷன் முடிந்திருந்ததாகத் தயாரிப்பாளர் மசாவோ மருயாமா சொல்லியிருக்கிறார். முதலில் எப்படியாவது முடித்துவிடத்தான் அவரும் நினைத்தார். பிறகு, கோனுக்கு இணையான இயக்குநர் இல்லாமல் முடிக்க மாட்டேன் என்று நிறுத்திக்கொண்டார். முடிந்த 600 ஷாட்களை அப்படியே, வெட்டி ஒட்டாமல், யார் எதைச் செய்தார்கள் என்ற குறிப்போடு காட்டினால் போதும் என்பேன். யோஷிமி இட்டாசு போன்றவர்கள் கோனுக்காகச் செய்த வேலை அது. அவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள், இப்போதே கேட்டுப் பதிவு செய்யலாம்.

அலைவரிசை எழுதியது:

சரி, பெயரோடு பகிர வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடு. நடைமுறையில் எப்படி? என்னிடம் பல வருஷமாகச் சேர்த்த படங்கள் இருக்கின்றன. பலவற்றில் கையெழுத்தே இல்லை. பளிச்சென்ற கோவாஷ் (நீரில் கரைக்கும் அடர்வண்ணம்) நிறம் என்றாலே டிஸ்னி ஓவியர் மேரி பிளேர் என்று போட்டுவிடுகிறார்கள், அதையும் பார்க்கிறேன்.

பழையரீல் எழுதியது:

முதல் வேலை, ஓரத்தை வெட்டாதீர்கள். இணையத்தில் சுற்றும் படங்களில் பாதிக் கெடுதல் அங்கேதான் நடக்கிறது. ஓவியம் மட்டும் அழகாகத் தெரிய வேண்டும் என்று சுற்றியுள்ள காகிதத்தை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். தகவலெல்லாம் அந்தக் காகிதத்தில்தான் இருக்கும்.

நாலு மூலையிலும் குண்டூசித் துளை இருந்தால், அது ஸ்டோரிபோர்டுப் பலகையில் தொங்கியது. ஒரே மூலையில் பல துளைகள் என்றால் கழற்றிக் கழற்றி இடம் மாற்றிக் குத்தியிருக்கிறார்கள், அந்தக் காட்சியைப் பல தடவை விவாதித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கீழேயோ மேலேயோ வரிசையாக நீளத் துளையும் வட்டத் துளையும் இருந்தால் அது அனிமேஷன் மேசையின் முளைகளில் மாட்டிய தாள். அப்படியானால் அந்தப் படம் கான்செப்ட் கட்டத்தைத் தாண்டி, அசைவு வரையும் கட்டம் வரை போயிருக்கிறது. இது பெரிய சான்று. பென்சிலில் எழுதிய எண், ரப்பர் முத்திரை எது இருந்தாலும் அப்படியே விடுங்கள். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்தவர்கள் புண்ணியவான்கள்.

நிறத்தை "சரிசெய்யவும்" வேண்டாம். பாஸ்டல் என்ற வண்ணக்கட்டி நிறம் மங்கியிருந்தால் மங்கியபடியே இருக்கட்டும். நீல்சனின் புயல் ஓவியங்களுக்குக் கணினியில் நீலத்தை ஏற்றி விட்டிருக்கிறார்கள் சிலர், பார்க்கவே பொறுக்கவில்லை.

கரித்துண்டு எழுதியது:

இதைத்தான் எதிர்பார்த்தேன், நன்றி பழையரீல்.

கையெழுத்து இல்லாத படங்களுக்கு என் வேண்டுகோள்: யூகத்தில் பெயர் போடாதீர்கள். "வரைந்தவர் தெரியவில்லை" என்று எழுதுங்கள், அதோடு படம் எங்கே கிடைத்தது, எந்த ஏலத்தில் அல்லது கண்காட்சியில் வந்தது என்பதையும் எழுதுங்கள். மேரி பிளேர் பெரிய ஓவியர், அவருக்கு இன்னொருவர் வேலையைக் கடனாகத் தர வேண்டிய அவசியம் இல்லை. அதே ஸ்டுடியோவில் அதே ஆண்டுகளில் சில்வியா ஹாலந்து இருந்தார். "ஃபேன்டேசியா"வின் நட்கிராக்கர் பகுதியில் பூக்களும் தேவதைகளும் வரும் கதைப் பணியில் முன்நின்றவர். தப்பாக ஒரு பெயர் ஏறிவிட்டால் இப்படி ஒருவரை மறுபடி தேடிக் கண்டுபிடிக்கும் வழியே அடைபட்டுப் போகும்.

ஸ்டோரிபோர்டுக்காரன், உங்கள் ஓவியத்தைக் காட்ட முடியாது என்பது புரிகிறது. ஒப்பந்தம் இடம் கொடுத்தால், எந்த ஆண்டு, எந்த வகை வேலை என்பதை மட்டும் இங்கே எழுதுங்கள். படத்தின் பெயரும் வேண்டாம், ஸ்டுடியோவின் பெயரும் வேண்டாம்.

ஸ்டோரிபோர்டுக்காரன் எழுதியது:

ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துவிட்டு வந்தேன். ஆண்டையும் வேலையின் வகையையும் சொல்லத் தடை இல்லை. என்னோடு வரைந்த மற்றவர்களிடமும் கேட்டுவிட்டு, அவர்கள் சம்மதித்தால் எல்லோருடையதையும் சேர்த்தே இங்கே போடுகிறேன். பின்னணி ஓவியம் செய்த இருவர் இந்தத் துறையை விட்டே போய்விட்டார்கள். அவர்களைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.